கறியைக் கெடுப்பது எந்தக் குண்டு?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கும் என் மச்சான் உரிமம் எடுத்து வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறார். அடர்ந்த காடு, 50 கெஜத்துக்கு மேல் கண்ணுக்கு எட்டாது. தர்ட்டி-நாட்-சிக்ஸ் ரைபிள், 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு. போன முறை சுட்ட மானின் ஒரு பக்க முன்னந்தொடை முழுக்க ரத்தம் கட்டி, வெட்டி எறிய வேண்டியதாயிற்று. வேறு எந்தத் தோட்டா வாங்கலாம்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: 150 கிரெயின் குண்டு விநாடிக்குச் சுமார் 2,900 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. 50 கெஜத்தில் அந்த வேகம் அவ்வளவாகத் தணிந்திருக்காது. மெல்லிய உறை போட்ட சாதாரண ஈயக் குண்டு அப்படியே தோள் எலும்பில் மோதினால் சிதறும். ஈயத் துணுக்கும் எலும்புத் துணுக்கும் சதைக்குள் நாலாபக்கமும் பாயும். தூரத்தில் ஒழுங்காக வேலை செய்யும் தோட்டா கிட்டத்தில் கறியைக் குதறுவது இதனால்தான்.

புது ரைபிள் வேண்டாம். அதே ரைபிளில் 180 கிரெயின் போடச் சொல்லுங்கள். வேகம் 2,700 அடிக்கு இறங்கும். ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டிய 'பாண்டட்' குண்டாகப் பார்த்து வாங்கட்டும். முழுக்கச் செம்பாலான குண்டு இன்னும் நல்லது: சிதறாது, கறியில் ஈயம் கலக்காது. அது உடம்பில் பட்டு விரிய வேகம் வேண்டும், ஆனால் 50 கெஜத்தில் வேகத்துக்குப் பஞ்சமில்லை. செம்பில் 150 கிரெயினே போதும். வீட்டிலேயே தோட்டா நிரப்புபவரானால், வேகத்தைக் குறைக்கிறேன் என்று வெடிமருந்தைத் தன் இஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. மெதுவாக எரியும் மருந்தை மிகவும் குறைத்தால் அழுத்தம் எகிறி ரைபிளே வெடிக்கலாம். மருந்து நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழே போகவே கூடாது.

தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். காட்டுக்குப் போகுமுன் 50 கெஜத்தில் அட்டை கட்டி, ரைபிளைத் தாங்கலில் வைத்து மூன்று முறை சுட்டுக் குறியைச் சரிசெய்ய வேண்டும்.

இத்தனையும் செய்து தோளிலேயே சுட்டால் பயனில்லை. மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்கட்டும். அங்கே நுரையீரல், மேலே விலா எலும்பும் கொஞ்சம் சதையும்தான். அடிபட்ட மான் 50, 100 கெஜம் ஓடிவிடலாம். உடனே துரத்தாமல் அரை மணி நேரம் பொறுத்து ரத்தத் தடத்தைப் பின்பற்றட்டும்.

ரத்தம் கட்டிய சதை எல்லாமே வீண் அல்ல. பல சமயம் சதை அடுக்குகளுக்கு நடுவே ஜவ்வில்தான் ரத்தம் உறைந்திருக்கும். உரித்தால் உள்ளே நல்ல கறி. ஈயக் குண்டானால் மட்டும் காயத்தைச் சுற்றிப் பல அங்குலம் தாராளமாக வெட்டி எறியுங்கள். கழுவினால் துகள் பரவும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் கறியில் இதில் கஞ்சத்தனமே கூடாது.

கேள்வி: எங்கள் பக்கம் காட்டுப்பன்றி சுட அனுமதி தருகிறார்களே, அந்தக் கறியை உண்ணலாமா?
- வாசகர், சித்தூர், பாலக்காடு

பதில்: கூடாது. கேரள அரசின் 2022 உத்தரவுப்படி, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர் அனுமதிக்கலாம்; சுடுபவர் துப்பாக்கி உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும்; செத்த பன்றியைப் புதைத்துவிட வேண்டும். மான்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. பன்றியைப் போல அவையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.