எய்ட்ஸ் வகுப்புக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். 180 தொழிலாளர்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வு முகாம் நடத்தித் தருவதாக ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறார். வகுப்போடு எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்து, முடிவுகளை நிர்வாகத்திடம் பட்டியலாகக் கொடுப்பாராம். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வகுப்பு மட்டும் நடத்துங்கள். அந்தப் பட்டியல் உங்கள் கைக்கே வரக் கூடாது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி, ஒப்புதல் வாங்காமல் பரிசோதிக்க முடியாது. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையில் நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கினால் அது ஒப்புதலா? வேலைக்கு எடுக்கும்போதும் இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது.

இப்படி முகாம் பிடிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறார்கள். ஒரே ஒரு பரிசோதனைக் கிட்டில் பார்த்துவிட்டு 'இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வெவ்வேறு கிட்களில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அண்மையில் தொற்றியிருந்தால் 'இல்லை' என்றும் வரலாம். யாருக்காவது சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அவரே போகட்டும். அங்கே இலவசம், ஆலோசனையும் உண்டு, ரகசியமும் காப்பார்கள்.

வகுப்பில் என்ன பேசுவது? சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே கழிப்பறையாலோ, கொசுவாலோ பரவாது. தினமும் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடப் பரவாது. எலும்பும் தோலுமான படத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.

தையல் பிரிவில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ஒருத்தர் விரலில் ஊசி ஏறிய மெஷினில் நான் உட்காரலாமா?" தாராளமாக உட்காரலாம். ஊசியை மாற்றி, ரத்தத்தைத் துடைத்துவிட்டால் போதும். கவனம் தேவைப்படுவது முதலுதவி செய்பவருக்குத்தான். அவர் கையில் வெட்டுக்காயம் இருந்து, அடிபட்டவரின் ரத்தம் அதில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முடிந்தவரை சில மணி நேரத்திலேயே. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதலுதவிப் பெட்டியில் கையுறை இருக்கிறதா? இன்றே திறந்து பாருங்கள்.

இன்னொன்று. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தச் சட்டப்படி புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நான் போன எத்தனையோ கம்பெனிகளில் அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். சட்டம் போட்டதோடு சரி, வந்து கேட்க ஆள் இல்லை. உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று பேனர் கட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

அப்புறம், அந்த ஏஜென்டை அனுப்பிவிட்டு எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. அருகிலுள்ள நம்பிக்கை மையம் எது என்று கேட்டு, அங்குள்ள ஆலோசகரை வகுப்பெடுக்க அழையுங்கள். ஷிப்ட் நேரத்திலேயே வையுங்கள், அந்த ஒரு மணி நேரக் கூலியைப் பிடிக்காமல்.