கடலூர்க் காற்றும் கார் பெயிண்டும்: 43,660 ரூபாய் எஸ்டிமேட்டில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஐந்து வருடம் ஆன சில்வர் கலர் கார், 1,200 சி.சி. பக்கத்து வீட்டு இரும்பு கேட் காற்றில் அடித்து, இடது பின்கதவிலும் அதை ஒட்டிய பின்பக்கத் தகட்டிலும் நீளமாகச் சிராய்த்துவிட்டது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. பானட்டில் கல் தெறித்த புள்ளிகள் ஏழெட்டு. இரண்டில் துரு தெரிகிறது. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்: கதவு, பின்தகடு இரண்டுக்கும் 9,000, பானட் முழு பெயிண்ட் 5,500, செராமிக் கோட்டிங் 18,000, அடிப்பகுதி ஆன்டி-ரஸ்ட் 4,500. ஜி.எஸ்.டி. சேர்த்து 43,660. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் மூன்று பேனலுக்கும் 7,500 என்கிறார்கள். இன்ஷூரன்ஸில் போடலாமா? செராமிக் போட்டால் உப்புக்காற்றைத் தாங்குமா?

பதில்: எஸ்டிமேட்டில் ஏமாற்று எதுவும் இல்லை. நம் பக்கம் கம்பெனி சர்வீஸில் கேட்கிற விலைதான். தப்பு வரிசையில் இருக்கிறது. கடற்கரை ஊரில் தகடு வெளியே தெரிகிற இடத்தை அடைப்பதுதான் முதல் செலவு. பளபளப்பு கடைசி. உங்கள் தாளில் பாதிப் பணம் பளபளப்புக்குப் போகிறது. துருப்பிடித்த இரண்டு புள்ளியைப் பற்றித் தனியாக ஒரு வரிகூட இல்லை.

கம்பெனியிலிருந்து வரும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்றால், இரண்டு முடி தடிமன். அடியில் தகட்டோடு ஒட்டி இருப்பது, முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற பிரைமர். உங்கள் காரைத் துருவிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பது அதுதான். மேலே இன்னொரு பிரைமர், கலர், கடைசியில் கண்ணாடி மாதிரி கிளியர். கிளியர் மட்டும் 40 மைக்ரான் அளவில் இருக்கும். எந்தப் பட்டறையிலும், எவ்வளவு பெரிய சர்வீஸ் சென்டரிலும், அந்த முக்கி எடுக்கிற வேலையைத் திரும்பச் செய்ய முடியாது. அதனால்தான் நான் ஒவ்வொரு தடவையும் சொல்வது: கம்பெனி பெயிண்ட் நன்றாக இருக்கிற பேனலில் உப்புத்தாளை வைக்க விடாதீர்கள்.

முதலில் சிராய்ப்பை நீங்களே பாருங்கள். துணியை நனைத்துக் கீறல் மேல் ஒற்றுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால், அது கிளியரோடு நின்றுவிட்டது. ரப்பிங், பாலிஷிலேயே போய்விடும். 500 ரூபாய்க்கும் செய்வார்கள், 1,500-க்கும் செய்வார்கள். மறையாவிட்டால் கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் தட்டி நின்றால் பாலிஷ் உதவாது. சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. வெள்ளையாக மினுக்கினாலோ பழுப்பு ஏறியிருந்தாலோ தகடு. அனுப்பிய படத்தில், கதவின் ஒடுக்கு விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குத் தகடு தெரிகிறது. பின்தகட்டில் இருக்கும் கோட்டில் பாதி, கேட்டில் இருந்த பச்சை பெயிண்ட் ஒட்டிக்கொண்டதுதான். தின்னர் தொட்ட துணியால் லேசாகத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் நம் பெயிண்ட் முழுசாக இருந்தால் அந்தப் பேனல் செலவே மிச்சம்.

கதவு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உப்பு தானாக எதையும் அரிப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது ஈரத்தை இழுத்து உப்புக்கரைசலாகத் தகட்டின் மேல் படிகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரை உங்களுக்குக் கூப்பிடு தூரம். பெரும்பாலான இரவுகள் அந்தக் கணக்கில்தான் வரும். வெயில் ஏறினதும் காய்கிறது, ராத்திரி திரும்ப நனைகிறது. உள்நாட்டு ஊரில் மெதுவாக வருகிற துரு இங்கே சீக்கிரம் பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போய்க் கொப்பளம் கட்டும்.

இனி 7,500-ஆ, சர்வீஸ் சென்டரா என்பது. பட்டறை என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒடுக்கு எடுப்பதில் நம் ஊர் டிங்கர்களின் கை, சர்வீஸ் சென்டர் பையன்களைவிட மேல் என்று பல தடவை பார்த்திருக்கிறேன். விலை குறைவது கூலியில் என்றால் சரி. சரக்கில் குறைந்தால்தான் ஆபத்து. மூன்று விஷயம் கேளுங்கள். ஒடுக்கை உள்ளேயிருந்து தட்டியும் இழுத்தும் எடுப்பீர்களா, பட்டி அடைப்பீர்களா? இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏறினால் பிற்பாடு வெடிக்கும். அதைவிட மோசம், பட்டி வைத்துத் தேய்த்த கதவை வேறு வண்டிகள் நிறைய இருக்கின்றன என்று சொல்லி நான்கு நாள் வெளியே நிறுத்திவைப்பது; பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்து, தகடு தெரிகிற இடத்தில், தகட்டோடு ஒட்டி ஈரத்தைத் தடுக்கிற எபாக்ஸி பிரைமர் போடுவீர்களா? கடைசியாக, கிளியர் டூ-கேயா? ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியர் இறுகிய பிறகு தின்னர் தொட்டால் அசையாது. ஹார்டனர் கலக்காத பழைய என்.சி. சரக்கு என்றால் தின்னர் துணியில் கலர் வந்துவிடும். ஏற்கனவே வேலை முடித்த ஒரு வண்டியில் யாருக்கும் தெரியாத மூலையில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பெயிண்டர் சிரித்துக்கொண்டே காட்டுவார்.

சில்வர் நிறத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. அதில் அலுமினியத் துகள் கலந்திருக்கிறது. துப்பாக்கியின் காற்றழுத்தம், தூரம், எவ்வளவு ஈரமாக அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் துகள் படுக்கிற விதம் மாறும். ஒரே டப்பா பெயிண்ட் ஒரு கையில் வெளுக்கும், இன்னொரு கையில் கறுக்கும். சாதா வெள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆகவே கலர் கோடை, அதாவது கம்பெனியின் நிற எண்ணைச் சொல்லி வாங்கினால் போதாது. சின்னத் தகட்டில் அடித்துக் காயவைத்து, கதவோடு சேர்த்துப் பிடித்து, வெயிலில் நேராகவும் சாய்வாகவும் பார்க்க வேண்டும். பிறகு கலரை அடுத்த பேனலில் கொஞ்சம் இழைத்து விட்டு, கிளியரை முழு பேனலுக்கும் அடிக்க வேண்டும். கதவோடு கத்தரித்த மாதிரி நிறுத்தினால் தெருமுனையிலிருந்தே 'இது அடிச்ச கதவு' என்று தெரியும்.

பெயிண்ட் அடிக்கிற அடைத்த அறை (பூத்) இல்லாத பட்டறை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் கொடுக்காதீர்கள். ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் பால் படிந்த மாதிரி மங்கும். மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பானட்டுக்கு 5,500 வேண்டாம். ஏழெட்டுப் புள்ளிக்காக நல்ல கம்பெனி கிளியரைத் தேய்த்தெடுப்பது தலைவலிக்குத் தலையை மாற்றுவது போல. உங்கள் கலர் கோடுக்கான டச்-அப் பேனா சில நூறு ரூபாய்தான். துருப் புள்ளியை ஊசி முனையால் பொடி உதிரும் வரை மட்டும் சுரண்டுங்கள், பக்கத்துப் பெயிண்டைத் தொடாமல். துரு மாற்றி திரவத்தைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு வையுங்கள், பழுப்பு கறுப்பாகும். துடைத்துக் காயவிட்டு ஒரு சொட்டு பிரைமர், பிறகு கலர், பிறகு கிளியர். ஒவ்வொன்றுக்கும் இடையே நன்றாகக் காய விடுங்கள். பிரஷ்ஷால் பூசக் கூடாது, குழிக்குள் சொட்டாக நிற்க வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் மச்சம் மாதிரி தெரியும். தெரியட்டும்.

செராமிக் தனிக் கதை. சிலிக்கா கலந்த அந்தப் பூச்சு காய்ந்தபின் ஒன்றிரண்டு மைக்ரான்தான். தண்ணீர் முத்து முத்தாக ஓடும், அழுக்கு சுலபமாகப் போகும், காக்கை எச்சம் கொஞ்சம் நேரம் தாங்கும். கேட் இடித்தால் தாங்காது, கல் தெறித்தால் தாங்காது. உப்புக்காற்று? பெயிண்ட் முழுசாக இருக்கிற இடத்தில் உப்பு ஒன்றும் செய்வதில்லை. அங்கே செராமிக் தேவையில்லை. பெயிண்ட் போன இடத்தில் செராமிக்கும் போய்விட்டிருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை, கடலோரப் போர் தண்ணீர் நம் ஊரில் பல தெருக்களில் உப்பும் சுண்ணாம்புமாக வருகிறது. அதில் கழுவித் துடைக்காமல் விட்டால், செராமிக் மேல் நின்ற முத்து ஒவ்வொன்றும் வெள்ளை வட்டமாகக் காயும். 18,000 செலவழித்த பானட்டில் அம்மைத் தழும்பு மாதிரி அதைப் பார்த்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக அடித்த கதவில் கரைப்பான் முழுக்க வெளியேற ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் மேலே எதையும் பூசி மூடக் கூடாது. அப்படியிருக்க, பெயிண்டும் செராமிக்கும் ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 500, 600 ரூபாய் மெழுகு டப்பா ஒன்று வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே தேய்த்தால் போதும்.

கல்லைத் தடுப்பது பெயிண்ட் மேல் ஒட்டுகிற பி.பி.எஃப். என்ற பிளாஸ்டிக் படலம் மட்டுமே, அது 150 முதல் 200 மைக்ரான், பெயிண்டைவிடவே தடிமன். முழு வண்டிக்கு ஒட்ட லட்சத்தை நெருங்கும். ஐந்து வயது ஹேட்ச்பேக்குக்கு அது அதிகம். நெய்வேலிப் பக்கம் டிப்பருக்குப் பின்னால் தினமும் ஓட்டுகிறவராக இருந்தால், பானட் முன்விளிம்புக்கு மட்டும் ஒட்டலாம்.

ஆன்டி-ரஸ்ட் 4,500-ஐ இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். கழுவாத அடிப்பகுதியில் அந்தக் கருப்புப் பூச்சை அடித்தால் உப்பையும் சேற்றையும் உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. முதலில் லிஃப்டில் ஏற்றி நல்ல தண்ணீரில் கழுவ வையுங்கள், கூடவே நின்று பாருங்கள். பிறகு கதவுகளைத் திறந்து, கீழ்விளிம்பில் விரல் நகம் அளவு ஓட்டைகளைத் தேடுங்கள். கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியேற வைத்தவை. என் சொந்தக் காரில் பின்கதவை அடைக்கும்போதெல்லாம் குடத்தில் தண்ணீர் அலம்புகிற சத்தம் வரும். நாலு மாதம் கண்டுகொள்ளவில்லை, ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். ஒருநாள் ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினேன். செம்மண் குழம்பும் வேப்பிலைச் சருகும் கொட்டி, பின்னாலேயே அரை லிட்டர் துருத்தண்ணீர் ஒழுகியது. அந்தக் கதவு உள்ளிருந்து வெளியே அழுகிக்கொண்டிருந்தது. வெளியே பாலிஷ் பளபளத்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை ஒட்டித் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தபோது உங்கள் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், இந்த ஓட்டைகளை இன்றைக்கே பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் கணக்கு. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் அடுத்த புதுப்பிப்பில் உங்களுக்கு 50 சதவீதம் நோ-கிளெய்ம் போனஸ். இப்போது கிளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று திரும்ப ஏற வேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இழப்பது முதல் வருடம் 4,000, பிறகு 2,400, 2,000, 1,200, 400, ஆக 10,000. கிடைப்பது? கதவு, பின்தகடு 9,000, ஜி.எஸ்.டி.யோடு 10,620. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத துணைப் பாலிசி) இல்லாத பாலிசியில் பெயிண்ட் பில்லின் கால் பங்கைச் சரக்கு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். வரியோடு 1,300 சொச்சம். 1,500 சி.சி. வரை கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு 8,300 வாக்கில். ஜீரோ டெப் இருந்தாலும் 9,600 சொச்சம்தான், பத்தாயிரத்தைத் தொடவில்லை. போனஸ் காக்கிற துணைப் பாலிசி இருந்தால் மட்டும் போடுங்கள். பானட்டையும் அதே கிளெய்மில் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல் தெறித்தது வேறு சம்பவம், அதற்குத் தனி கிளெய்ம், தனிப் பிடித்தம்.

ஆக, கதவும் பின்தகடும் நல்ல பட்டறையில் 5,000 முதல் 6,000, டச்-அப் சாமான், அடிப்பகுதி வாஷ், மெழுகு எல்லாம் சேர்த்து 8,000-க்குள் முடியும். பட்டறை என் மூன்று கேள்விக்கும் இழுத்தால், அந்த இரண்டு பேனலை மட்டும் சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள், 10,620.

வண்டியை எடுக்கப் பகலில் போங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா சில்வரும் ஒன்றுதான். ரப்பர் பீடிங்கிலும் கண்ணாடி ஓரத்திலும் பெயிண்ட் தூசி படிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், கதவைத் திறந்து அந்த ஓட்டைகளைப் பட்டியோ பெயிண்டோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால், நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.