முதல் வருட டி.சி.யில் 'திருப்தியில்லை' வாங்கியவளின் பதில்

கேள்வி: பிஎச்.டி. சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அடுத்த மாதம் முன்னேற்ற மதிப்பீடு. சொல்லிக்கொள்கிற மாதிரி முடிவு எதுவும் கையில் இல்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாமா?

நான் சமாளிக்கவில்லை. என் முதல் வருட டி.சி. மீட்டிங்கில், அதாவது டாக்டரல் கமிட்டி முன்னால், படிவத்தில் எனக்குக் கிடைத்தது 'திருப்தியில்லை' என்ற குறிப்புதான். பிறகு பட்டமும் வாங்கினேன், அதனால் பயப்படாமல் படியுங்கள்.

எனக்கு ஊர் குடியாத்தம். வேலூரில் ஒரு கல்லூரியில் 2018 ஜூலையில் வேதியியலில் முழுநேர ஆய்வுக்குப் பதிவு செய்தேன். ராணிப்பேட்டை பக்கம் கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது, அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் தலைப்பு. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் வரிசையாக டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம்: தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம் த்ரீ. அது நடுநிலைத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. குரோமேட் உப்பு தயாரிக்கிற இடத்துக் கழிவில் வருவது குரோமியம் சிக்ஸ். அது நன்றாகக் கரையும், மண்ணுக்குள் ஓடும், புற்றுநோய் வரவழைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

22 கிணறு, போர்வெல் தேர்ந்தெடுத்தேன். முதல் சுற்று 2018 டிசம்பர், இரண்டாவது அடுத்த ஏப்ரல். அண்ணன் வண்டியில் பின்னால் மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியைக் கட்டி, ஐஸ் போட்டு, பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வருவேன். ஏப்ரலில் வேலூருக்குள் நுழையும்போது தேர்தல் பறக்கும் படை நிறுத்திவிட்டது. வேலூர் தொகுதிக்குப் பணப் புகாரில் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில் நடந்த வருடம் அது. பெட்டியில் கட்டுக்கட்டாக ஏதோ இருக்கும் என்று ஆவலாகத் திறந்தார்கள். மீன் நாற்றத்தோடு 22 பாட்டில் தண்ணீர். அந்த அதிகாரி முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

முடிவு பிரமாதமாக வந்தது. மொத்தக் குரோமியம் பல கிணறுகளில் அளவுக்கு மேல். குரோமியம் சிக்ஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்படியென்றால் இருப்பதெல்லாம் குரோமியம் த்ரீ, பெரிய ஆபத்தில்லை என்று எழுதிவிடலாம். கைடு சாருக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட. ஜூன் மாத மூன்றாவது சுற்றில் 7 கிணறு வற்றிக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன கோடை அது, கேட்கவா வேண்டும். இருந்தாலும் முதல் இரண்டு சுற்றே போதும், ஒரு கட்டுரைக்கு ஆச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியிருக்க வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை பின்னால் ஒரு பெரியம்மா வீட்டுக் கிணறு. வெள்ளை பக்கெட்டில் மொண்டு வைத்தால் தண்ணீர் வெளிர் மஞ்சளாகத் தெரியும். "பாப்பா, இத மாடு கூட மோந்து பாத்துட்டு அப்படியே போயிடும்" என்பார். அந்த மஞ்சள் குரோமேட்டின் நிறம். அந்தப் பாட்டிலிலும் குரோமியம் சிக்ஸ் இல்லை என்றுதான் என் நோட்டில் எழுதியிருந்தேன். முடிவு அழகாக இருந்தால் கண் அவிந்துவிடுகிறது.

மீட்டிங்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முடிவுப் பகுதியை எழுதியாகிவிட்டது. செய்முறைப் பகுதியில் "மாதிரிகள் எப்படிப் பாதுகாக்கப்பட்டன" என்ற வரியில் கை நின்றது. லேப் வழக்கப்படி எல்லாப் பாட்டிலிலும் நைட்ரிக் அமிலம் விட்டிருந்தேன். எதற்கும் சரிபார்ப்போம் என்று கையேட்டைப் புரட்டினால், மொத்தக் குரோமியத்துக்குத்தான் அமிலம். குரோமியம் சிக்ஸுக்குத் தனிப் பாட்டில், வடிகட்டி, தாங்கல் கரைசல் (பஃபர்) விட்டு பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவு; 7 என்றால் நடுநிலை) 9.3-க்கும் 9.7-க்கும் நடுவில் வைக்க வேண்டும். அமிலத்தில் வைத்தால் தண்ணீரிலிருக்கும் கரிமப் பொருள், இரும்பு எல்லாம் சேர்ந்து சிக்ஸை த்ரீயாக மாற்றிவிடும். நான் அளந்ததெல்லாம் மாறிப்போன பிறகு மிஞ்சியதை. குரோமியம் சிக்ஸ் இருந்தால் நிறமானியில் 540 நானோமீட்டரில் தெரிய வேண்டிய ஊதாநிறம் வராததற்குக் காரணம் கிணறு இல்லை, என் பாட்டில்.

அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. "முடிவு இல்லை" என்கிறீர்கள். முடிவுப் பகுதியை விட்டுவிட்டு, செய்முறைப் பகுதியை முழுதாக இன்றைக்கே எழுதிப் பாருங்கள். எந்த நாள், எந்தப் பாட்டில், எந்தக் கருவி, எத்தனை முறை, ஏன் அந்த முறை. உங்கள் துறை தமிழிலக்கியமாக இருந்தால் எந்தப் பதிப்பு, எந்தச் சுவடி, எதை ஏன் விட்டீர்கள். எழுத எழுத ஓட்டை தானாகத் தெரியும். முதல் வருடத்தில் கமிட்டிக்கு உங்களிடமிருந்து வேண்டியது பெரும்பாலும் அதுதான். மூன்று நாலு பேரின் மீட்டிங்கில் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறேன். "என்ன கண்டுபிடிச்சீங்க" என்பதைவிட "ஏன் இப்படிச் செஞ்சீங்க" என்ற கேள்விதான் அதிகம் விழும்.

சரி, என் கதை. கைடு சாரிடம் போய்ச் சொன்னேன். சார் நல்லவர், ஆனால் முகம் சுருங்கியது. "இத இப்பவே சொல்லணுமாம்மா? அடுத்த சுற்றுல சரி பண்ணிக்கலாமே" என்றார். அவர் பயமும் எனக்குப் புரிந்தது, அவர் பெயரும்தானே படிவத்தில் இருக்கிறது. எனக்கும் சொல்ல ஆசையில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, கமிட்டியில் வெளியிலிருந்து வரும் நிபுணரை மனதில் வைத்து, "எக்ஸ்டர்னல் கேட்டா என்ன சொல்லுவே? நீயே சொல்லிடு" என்றார். நாலாவது ஸ்லைடில் போட்டேன்: எங்கே தவறு, அதனால் எந்த எண் செல்லாது, எந்த எண் செல்லும், மறுபடி செய்ய எத்தனை நாள், எவ்வளவு செலவு. மொத்தக் குரோமியம் எண்கூட வடிகட்டாமல் அமிலம் விட்டதால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தேன். 12 ஸ்லைடு, 20 நிமிடம். வீட்டில் அம்மா முன்னால் மூன்று முறை பேசிப் பார்த்தேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இதுல பாஸ் ஃபெயில் உண்டா?"

மீட்டிங் நாளில் எக்ஸ்டர்னல் முதல் ஸ்லைடிலேயே நிறுத்தினார். தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துவிட்டு, "பிஎச் ஏழரை இருக்கிற தண்ணியில குரோமியம் த்ரீ இவ்வளவு எப்படிக் கரைஞ்சு நிக்கும்?" என்று கேட்டார். பழைய சுருக்கத்தை மாற்ற மறந்திருந்தேன்! நேராக நாலாவது ஸ்லைடுக்குத் தாவினேன். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார், அதற்குமேல் என்னை நோண்டவில்லை. அந்த ஸ்லைடு இல்லாமல் அந்தக் கேள்வி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. இன்னொரு உறுப்பினர்தான் விடவில்லை. "அப்ப ஒரு வருஷமா என்ன பண்ணீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. கோர்ஸ் வொர்க் (ஆய்வுக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்) படித்தேன், பஸ்ஸில் போனேன் வந்தேன், தப்பாக அளந்தேன்.

குறிப்பு: 'திருப்தியில்லை. மாதிரிகளை முறைப்படி எடுத்து மூன்று மாதத்தில் மீண்டும் முன்வைக்கவும்.'

குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பள்ளிகொண்டா வரைக்கும் அழுதேன். அப்பா லுங்கி நெய்கிறவர். உள்ளே நுழைந்ததும், "இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். சொன்னேன். வேதியியல் எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. "இழை அறுந்துச்சு, அறுந்த எடத்துலயே பாத்துட்டே. பத்து மொழம் நெய்ஞ்ச அப்புறம் பாத்திருந்தா?" என்று கேட்டுவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று இரவு தூங்கினேன்.

விதியைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் 'திருப்தியில்லை' என்றாலே பதிவு ரத்து என்று வாட்ஸ்அப்பில் பீதி கிளப்புவார்கள். நான் சேர்ந்தபோது யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2016 விதிமுறை. இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 2022 விதிமுறை. அதன்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பழக்கத்தில் அதையும் டி.சி. என்றுதான் சொல்கிறோம். முன்னேற்றம் போதவில்லை என்றால் குழு காரணத்தை எழுத வேண்டும், எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதையும் செய்யாமல் விட்டால்தான், காரணம் காட்டி ரத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஒரே மீட்டிங்கில் வெளியே அனுப்புகிற ஏற்பாடு இல்லை. கோர்ஸ் வொர்க்கில் 55 சதவீதம் வேண்டும், அதை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். 2016 விதியில் ஆய்வேட்டுக்கு முன் ஒரு கட்டுரை, இரண்டு கருத்தரங்கு கட்டாயம். 2022-இல் யுஜிசி அதை எடுத்துவிட்டது, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம். அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மீட்டிங்கில் பேசியது ஒன்று, இரண்டு வாரம் கழித்து வரும் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) இருப்பது ஒன்று. எனக்கு "15 கிணறு போதும்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். மினிட்ஸில் 22 என்று வந்தது. வற்றிப்போன கிணற்றில் எப்படி எடுப்பது? நல்லவேளை, அன்று மாலையே யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கம் எழுதி சாருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அதை வைத்துத் திருத்தினார்கள். நீங்களும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், மறுநாள் வேண்டாம். அப்புறம் தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "தெரியல சார், பார்த்துட்டு எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். நான் அனுப்பிய இரண்டு பக்கத்தை எக்ஸ்டர்னல் அடுத்த மீட்டிங்குக்கு அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த மீட்டிங் அக்டோபர் கடைசியில். இந்த முறை ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு பாட்டில். பெரியம்மா வீட்டுத் தண்ணீரில் மொத்தக் குரோமியத்தில் பெரும்பங்கு சிக்ஸ்தான். முதல் வருடத்தில் நான் எழுதவிருந்த 'பெரிய ஆபத்தில்லை' என்ற வரி எவ்வளவு பெரிய பொய்யாகியிருக்கும்! ஆய்வேட்டின் மூன்றாவது இயல் முழுக்க அந்த இரண்டு பாட்டில் பற்றியதுதான், அமிலப் பாட்டிலின் எண்களையும் தூக்கிப்போடாமல் பக்கத்திலேயே அட்டவணை போட்டேன். ஒரு வருடமாக என்ன பண்ணீங்க என்று கேட்டவர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இத முதல்லயே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். சிலரைத் திருப்திப்படுத்த முடியாது, விட்டுவிடுங்கள்.

தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாமா என்றால், என் கருத்தில் வேண்டாம். கையேட்டில் தவறைப் பார்த்த அன்று நானும் அதற்கான கடிதத்தை எழுதி, சாரிடம் கொடுக்காமல் பையிலேயே வைத்திருந்தேன். என்னோடு சேர்ந்த ஒரு தோழர் இரண்டு முறை தள்ளிப்போட்டார். கடைசியில் இரண்டு செமஸ்டர் அறிக்கையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதாயிற்று, குழுவும் எரிச்சலோடுதான் வந்து உட்கார்ந்தது. உடம்பு சரியில்லை, பிரசவம் என்றால் கதை வேறு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 240 நாள் வரை உண்டு. அதைத் தயங்காமல் கேளுங்கள். முடிவு வரவில்லை என்பதற்காக மட்டும் என்றால், அந்த ஒரு மாதத்தில் செய்முறைப் பகுதியை எழுதி முடித்துக் கைடிடம் கொடுத்துவிடுங்கள். அவர் படிக்க ஒரு வாரமாவது எடுத்துக்கொள்வார், அதையும் கணக்கில் வையுங்கள்.