39 ஷில்லிங்

வணக்கம்.

தண்டனைக் குறைப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரே குற்றத்துக்கு ஒருவன் தூக்கில் தொங்குகிறான், இன்னொருவன் கருணை மனு போட்டுத் தப்பிக்கிறான். இது என்ன நியாயம்? கொலைகாரனுக்கு இரக்கம் காட்டுவது செத்தவரின் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா? சட்டத்தில் இருப்பதை அப்படியே நிறைவேற்றிவிட்டுப் போகலாமே?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

அப்படியே நிறைவேற்றச் சொன்ன சட்டங்கள் இருந்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் (அந்தக் காலத்து நாணயம், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) பெறுமானப் பொருளைத் திருடினாலே தூக்கு. குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பொதுமக்களான ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? திருடியது உண்மைதான், ஆனால் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பொருள் அதைவிடப் பல மடங்கு பெறும் என்பது நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். 1827இல் வரம்பை 5 பவுண்டாக உயர்த்தினார்கள். உடனே ஜூரிகளின் மதிப்பீடும் 4 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு ஏறிவிட்டது! (எனக்கு மிகவும் பிடித்த பொய்களில் இதுவும் ஒன்று.)

முன்வாசலை அடைத்தால் கருணை கொல்லைப்புறமாக வரும். அங்கே யாருக்கு, எதற்காக என்று கேட்க ஆளில்லை. ஜூரிக்குப் பிடித்த முகம் பிழைக்கும், பிடிக்காத முகம் சாகும். நீங்கள் சொல்லும் பாரபட்சம் அப்போதும் இருக்கும், கண்ணில் மட்டும் படாது.

செத்தவரின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முடிவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாமா? ஈரானில் கொலையாளியை மன்னிக்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு, ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டும் மன்னிக்கலாம். சரி, கொடுக்கப் பணமில்லாதவன்? கேட்க நாதியில்லாத ஒருவர் கொல்லப்பட்டால்? குடும்பத்தின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தண்டனையின் அளவை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. ஆந்திராவில் ஒரு கொலை வழக்கில் சிறை சென்றவரின் மீதித் தண்டனையை ஆளுநர் ரத்து செய்தார். சிறை சென்றவர் ஆளுங்கட்சியின் நல்ல தொண்டர் என்று அதிகாரிகளின் அறிக்கையிலேயே எழுதியிருந்தது. கொல்லப்பட்டவரின் மகன் உச்ச நீதிமன்றம் போனார். சாதி, மதம், கட்சி விசுவாசம் பார்த்துக் காட்டும் கருணை செல்லாது என்று 2006இல் நீதிமன்றம் ஆளுநரின் ஆணையை ரத்து செய்தது. ஆணையும் அறிக்கையும் எழுத்தில் இருந்ததால்தான் அந்த மகனால் வழக்குப் போட முடிந்தது. 39 ஷில்லிங் தீர்ப்பை எதிர்த்து யார் எங்கே போவது?