வேதத்தில் படிப்பதை வீட்டிலும் வேலையிலும் எப்படிக் கடைப்பிடிப்பது?

"தினமும் பைபிள் வாசிக்கிறேன், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், ஆனால் படித்ததைத் திங்கட்கிழமை வாழ்க்கையில் எப்படிக் கொண்டு வருவது என்று தெரியவில்லை, எங்கே ஆரம்பிக்க?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: உங்கள் கையிலிருந்து யாருக்குப் பணம் போக வேண்டுமோ அங்கே ஆரம்பியுங்கள்.

இதே கேள்வியை யோர்தான் கரையில் யோவான்ஸ்நானனிடம் மூன்று கூட்டத்தார் கேட்டார்கள். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஜனங்கள் கேட்டார்கள், வரி வசூலிக்கிறவர்கள் கேட்டார்கள், போர்ச்சேவகர்கள் கேட்டார்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று. இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள் என்று யோவான் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, இரண்டு அங்கி இருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், கட்டளையிட்ட வரிக்கு மேல் ஒரு காசு வாங்காதீர்கள், யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளம் போதும் என்றிருங்கள். மூன்று பதிலும் துணி, காசு, சம்பளம் பற்றியவை. மனந்திரும்புதல் முதலில் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நம்மில் பலர் வேதத்தை வாழ்க்கையோடு சேர்க்கிற வழி வாக்குத்தத்த வசனம். புது வருட ஆராதனையில் நள்ளிரவு தாண்டியதும் அட்டை எடுப்போம், வந்த வசனத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்போம். இதை நான் குறைவாகப் பேச மாட்டேன். "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்கிற ஏசாயா 41:10 என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் தாங்கியிருக்கிறது. ஆனால் வேதம் நமக்கு என்ன தருகிறது என்று மட்டும் தேடிப் படித்துப் பழகிவிட்டால், நம்மிடம் கேட்கிற வசனங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று ஆரம்பிக்கிறது. சரி, பரிசுத்தம் என்றால் என்ன என்று தொடர்ந்து வாசித்தால், வயலின் ஓரத்தை அறுக்காதே, ஏழைக்கு விடு. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே. படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வசனமும் இவற்றின் நடுவில்தான், 18ஆவது வசனமாக வருகிறது. இயேசு இரண்டாம் பிரதான கற்பனை என்று எடுத்துச் சொன்னது இதையே. அன்பு என்றால் என்ன என்று தனியாக யோசித்துக் குழம்ப வேண்டியதில்லை, முன்னும் பின்னும் உள்ள வசனங்களே சொல்லிவிடுகின்றன.

கூலி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இது சர்வசாதாரணமாக மீறப்படுகிறது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கட்டட வேலைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். குழாயடியில் கைகால் கழுவி, வேலைச் சட்டையைக் கழற்றி மடித்து, தூக்குவாளியைப் பையில் போட்டுக்கொண்டு சித்தாள் அக்கா கேட் பக்கத்தில் நிற்பார். வீட்டுக்காரர் மாடியில் போனில் பேசிக்கொண்டிருப்பார். ஆறரை பஸ் போய்விடும். அப்புறம் இறங்கி வந்து, "ஏடிஎம்ல பணம் இல்லம்மா, திங்கக்கிழம சேத்து வாங்கிக்க" என்பார். அவருக்கு அது ஒரு சின்ன விஷயம். அந்த அக்காவுக்கு அது மளிகைக் கடைப் பற்று, பிள்ளையின் மருந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்பு எரிவது.

உபாகமம் 24:15 இதை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்து எழுதியிருக்கிறது. வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான், கொடுக்காவிட்டால் உன்னைக் குறித்துக் கர்த்தரிடம் முறையிடுவான், அது உனக்குப் பாவமாயிருக்கும். தாமதமே பாவம் என்கிறது. நாம் அதை மறதி என்கிறோம். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு இன்னும் கடுமை: பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் காதில் விழுந்துவிட்டது என்கிறார் (5:4).

இந்தச் சட்டங்கள் ஏட்டில் மட்டும் இருந்தவை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஒரு பானை ஓட்டைப் பற்றிச் சொல்வேன். இஸ்ரவேலின் மத்தியதரைக் கடற்கரையில் மெசாத் ஹஷாவ்யாஹு என்ற சிறு கோட்டையின் இடிபாடுகளில் 1960இல் கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அறுவடைக்காரன் ஒருவன் அதிகாரிக்கு அனுப்பிய மனு அது, எபிரெயுவில், மையினால் எழுதியது. என் பங்கு அறுப்பை முடித்துக் களஞ்சியத்தில் சேர்த்தேன், ஆனாலும் சோபாயின் மகன் ஹோஷயாகு என் மேல்துணியை எடுத்துக்கொண்டான், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், என் துணியைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறான். அடகாக வாங்கிய போர்வையைச் சூரியன் மறைவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்று யாத்திராகமம் 22 கேட்பது இப்படிப்பட்ட மனிதனுக்காகத்தான். அவன் துணி திரும்பக் கிடைத்ததா என்று அந்த ஓட்டில் இல்லை. எனக்கு அது ரொம்ப நாள் மனதை அரித்தது.

அடுத்தது ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வீட்டு வேலை செய்கிற அம்மாவை ஐந்தரைக்கே வரச் சொல்கிறோம், மதியம் கறிக்குழம்புப் பாத்திரம் தேய்க்க மறுபடியும் வரச் சொல்கிறோம். உபாகமம் 5:14 வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாறவேண்டும் என்கிறது, மாட்டையும் கழுதையையும்கூட விட்டுவிடவில்லை. சம்பளம் பிடிக்காமல் ஞாயிறு லீவு கொடுங்கள். இன்றைக்கே செய்யக்கூடியது.

அறுப்பின் பண்டிகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்ததும் வாழைத்தார், பூசணி, சேவல் எல்லாம் ஏலம் போகும், ஒரு தேங்காய் நாலு கை மாறி நாலு மடங்கு விலைக்குப் போகும், எனக்குப் பிடித்த நாள் அது. பண்டிகைகளை வரிசையாகச் சொல்கிற லேவியராகமம் 23இல் அறுப்போடு வருகிற வாரங்களின் பண்டிகையைச் சொல்லி முடித்த கையோடு, 22ஆம் வசனம் மறுபடியும் வயல் ஓரத்துக்கு வந்துவிடுகிறது: ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. ஆண்டவருக்குக் கொடுப்பதும் ஏழைக்கு விடுவதும் ஒரே மூச்சில் வருகின்றன. ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கிப் பிழைத்தது இந்தச் சட்டத்தால்தான். நமக்கு வயல் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கீரைக்காரப் பாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் வருகிறதும், சம்பளம் பேசும்போது எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவுக்கு இறுக்காமல் இருக்கிறதும் ஓரத்தை விடுவதுதான்.

இதெல்லாம் செய்தால்தான் இரட்சிப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்துக் கட்டளை சீனாயில் கொடுக்கப்பட்டபோது ஜனங்கள் செங்கடலைத் தாண்டியாகிவிட்டது. முதலில் மீட்பு, பிறகு கட்டளை. நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று அதே உபாகமம் 24இல் இரண்டு தடவை காரணம் சொல்லப்படுகிறது. பவுலும் ரோமருக்கு எழுதும்போது பதினோரு அதிகாரம் தேவனுடைய இரக்கத்தை விளக்கிவிட்டுத்தான், பன்னிரண்டில் எப்படி வாழ்வது என்று ஆரம்பிக்கிறார். இரக்கம் பெற்றவன் சம்பள விஷயத்தில் கறாராக நிற்பது அந்த இரக்கத்தையே புரிந்துகொள்ளாதது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வசனத்தை அடுத்தவருக்குப் பொருத்துவது ரொம்ப எளிது. புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணிடம் "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எபேசியர் 5இல் அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது, அதன்பின் புருஷனுக்குக் கொடுத்த அளவுகோல் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தது. அடுத்த அதிகாரத்தில் பவுல் எஜமான்களிடம் மிரட்டுவதை விடுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார் என்கிறார். அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான ஓர் இடம், வசனம் போய்ச் சேர வேண்டிய ஆள் அடித்தவன். எந்த வசனத்தைப் படித்தாலும், இந்த இடத்தில் பலம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கையில் என்றால் அது உங்களுக்குச் சொன்னது.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு முந்தின நாள் ஒரு தாளில் எழுதுங்கள், யாருக்கு என்ன பாக்கி என்று. தையல்காரர், பால்காரர், மேஸ்திரி, தம்பிக்குக் கொடுக்க வேண்டிய சொத்துப் பங்கு, அலுவலகத்தில் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிற யாரோ ஒருவரின் பில். கொடுக்க முடிந்ததை அன்று பொழுது சாயுமுன் கொடுங்கள், முடியாததற்கு நேரில் போய்த் தேதி சொல்லிவிட்டு வாருங்கள். மத்தேயு 5:24 காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறது, காணிக்கை அதற்குப் பிறகு.