உள்ளூர் ஆளை எடுக்கச் சொன்னால் உலக வர்த்தக விதி தடுக்குமா?

கேள்வி: ஐயா, தோவாளைப் பக்கம் இருபத்தைந்து வருஷமாக வெல்டிங், லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பந்தல், ஆரல்வாய்மொழி சுற்றுவட்டாரத்துக் காற்றாலைக் காத்தாடிகளுக்கு ஏணி, பிளாட்பாரம், கியர் பாக்ஸ் வேலை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். இப்போது பழைய காத்தாடிகளை இறக்கிவிட்டுப் பெரியதாக நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. ‘உள்ளூர் ஆட்களுக்கும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் வேலை தர வேண்டும்’ என்று கிராம சபையில் தீர்மானம் போட நினைக்கிறோம். கம்பெனி அதிகாரி ஒருவர், ‘அப்படிக் கேட்பது உலக வர்த்தக அமைப்பின் விதிக்கு எதிரானது, இந்தியாவே ஒரு கேஸில் தோற்றிருக்கிறது’ என்கிறார். உண்மையா? இன்னொன்று. மகன் கோணம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் முடித்துவிட்டு, மாடி சோலார் போட்டுக் கொடுக்கும் தொழில் தொடங்க இருக்கிறான். மானியத்துக்கு இந்தியப் பேனல்தான் வேண்டும் என்ற விதியும் அந்தக் கேஸால் போய்விடுமா? பேனலை வாங்கி அடுக்கிவிட்டு மாட்டிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அண்ணாச்சி, அந்த அதிகாரி சொன்னதில் ஒரு பாதி சரி. இந்தியா தோற்றது உண்மை. ஆனால் தோற்றது பொருள் விஷயத்தில். ஆள் விஷயத்தில் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றே செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, உங்கள் தீர்மானம் அதனால் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வழக்கு. 2010 இல் மத்திய அரசு தேசிய சூரிய சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. சோலார் நிலையம் அமைப்பவரிடமிருந்து நீண்ட கால ஒப்பந்தத்தில் மின்சாரத்தை அரசு வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நிலையத்தில் குறிப்பிட்ட வகைப் பேனலும், அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டி.சி.ஆர். என்று இன்று கடைக்காரர்கள் சொல்வது அந்த நிபந்தனையைத்தான். 2013 பிப்ரவரியில் அமெரிக்கா இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. 2016 இல் விசாரணைக் குழு, பிறகு செப்டம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு, இரண்டுமே இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன.

இந்தியா சொன்ன முக்கியமான வாதம், ‘இது அரசுக் கொள்முதல், அரசு தன் தேவைக்கு வாங்கும்போது உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தர விதியிலேயே இடம் இருக்கிறது’ என்பது. அது ஏன் எடுபடவில்லை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். மாணவர் விடுதிக்கு ஒரு மெஸ்ஸிலிருந்து அரசு இட்லி வாங்குகிறது என்று வையுங்கள். ‘மாவைக் கோயம்புத்தூர் கிரைண்டரில்தான் அரைத்திருக்க வேண்டும்’ என்று நிபந்தனை போடுகிறது. அரசு வாங்குவது இட்லி. கிரைண்டரை அது வாங்கவே இல்லை. ஆகவே கிரைண்டருக்கு ‘கொள்முதல்’ என்ற விலக்கைக் கேட்க முடியாது. சோலார் வழக்கிலும் அதுதான்: அரசு வாங்கியது மின்சாரம், நிபந்தனை போட்டது செல்லுக்கும் பேனலுக்கும். ‘எங்கள் நாட்டில் பேனல் தட்டுப்பாடு, அதனால்தான் உள்நாட்டு ஆலைகளை வளர்க்கிறோம்’ என்ற இன்னொரு வாதமும் நிற்கவில்லை. இறக்குமதியையும் சேர்த்துப் பார்த்தால் சந்தையில் பேனல் கிடைக்கிறதே, அதற்குத் தட்டுப்பாடு என்று பெயரில்லை என்றார்கள்.

இந்தியா மட்டும் மாட்டவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009 இல் காற்றாலைக்கும் சோலாருக்கும் நல்ல விலை கொடுத்து, அதற்கு ஈடாக உள்ளூர்ச் சாமான் இத்தனை சதவீதம் என்று கேட்டது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் போட்ட வழக்கில் 2013 இல் அதுவும் தோற்றது. பிறகு இந்தியாவே திருப்பி ஒரு வழக்குப் போட்டது. வாஷிங்டன், கலிபோர்னியா, மிச்சிகன் உட்பட எட்டு அமெரிக்க மாநிலங்கள் தங்கள் ஊரில் செய்த கருவிக்குக் கூடுதல் சலுகை தருகின்றன என்பது புகார். 2019 ஜூனில் அதில் இந்தியா ஜெயித்தது. நம்மைக் கூண்டில் ஏற்றிய நாடே அதே தவறைச் செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். உங்களுக்கு இதில் தேவையான செய்தி வேறு: மாகாணமோ மாநிலமோ செய்தாலும் உலக வர்த்தக அமைப்பில் பதில் சொல்ல வேண்டியது அந்த நாட்டின் அரசுதான்.

இந்த மூன்று வழக்குகளிலும் சிக்கியது ஒரே வகை நிபந்தனை. ‘இறக்குமதிச் சாமானை விட உள்நாட்டுச் சாமானைப் பயன்படுத்தினால் சலுகை’ என்று ஓர் அரசு சொல்வது. காட் என்ற உலகச் சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு தடுப்பது பொருளுக்குப் பொருள் காட்டும் பாரபட்சத்தை. யாரை வேலைக்கு எடுக்க வேண்டும், எத்தனை பையன்களுக்குப் பயிற்சி தர வேண்டும், என்ன கூலி தர வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிரிவின் வேலையே இல்லை.

தென்னாப்பிரிக்கா 2011 இல் தொடங்கிய காற்றாலை, சோலார் ஏலங்களைப் பாருங்கள். நூறு மதிப்பெண்ணில் எழுபது விலைக்கு, முப்பது உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சிக்கு. அந்த முப்பதுக்குள் வேலைவாய்ப்பு, சுற்றியுள்ள ஊர் மக்களுக்குத் திட்டத்தில் பங்கு என்று பல இருந்தன. ‘உள்ளூர்’ என்றால் ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவு என்று கணக்கும் வைத்தார்கள். (உள்நாட்டுச் சாமான் நிபந்தனையும் அதில் இருந்தது, அந்தத் துண்டு மட்டும் விதிக்கு இடறும்.) அமெரிக்காவின் 2022 சட்டத்திலும் இரண்டு தனித்தனி நிபந்தனைகள். அந்த வட்டாரத்தின் நியாயக் கூலி கொடுத்து, தொழில் பழகும் இளைஞர்களை வேலையில் சேர்த்தால் பெரிய திட்டங்களுக்கு வரிச் சலுகை 6 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக, அதாவது ஐந்து மடங்காக உயரும் என்று வைத்தார்கள். உள்நாட்டு இரும்பும் கருவியும் பயன்படுத்தினால் அதற்குத் தனியாக ஒரு சேர்ப்பு. 2024 இல் சீனா அமெரிக்காமீது புகார் கொடுத்தபோது பிடித்துக்கொண்டது உள்நாட்டுச் சாமான் நிபந்தனையை. கூலியையும் பயிற்சியையும் அல்ல.

ஆக, ஆள் எடுக்கச் சொல்வதற்கு ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பு தடையில்லை. தடை இருந்தால் அது நம் நாட்டுக்குள்ளேயே இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஹரியானா போட்ட சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அதனால் ‘இத்தனை சதவீதம் கட்டாயம்’ என்ற வார்த்தை உங்கள் தீர்மானத்தில் வேண்டாம். கிராம சபைத் தீர்மானம் கம்பெனியைச் சட்டப்படி கட்டிப்போடாது. ஆனால் பாதைக்கும் நிலத்துக்கும் ஊர்க்காரர்களிடம் பேசியாக வேண்டிய கம்பெனிக்கு அது எழுத்தில் இருக்கும் ஒரு கோரிக்கை. அந்தப் பேச்சுவார்த்தையில் கம்பெனியே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தம்; எந்த உலக விதியும் குறுக்கே வராது. தனியார் ஒருவர் தன் விருப்பப்படி தோவாளைப் பட்டறையில் ஏணி செய்து வாங்குவதை உலக வர்த்தக அமைப்பு கேட்கவே முடியாது. அது கேட்பது அரசு போடும் நிபந்தனையை மட்டும்தான்.

வாசகத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘இரும்புச் சாமான் எல்லாம் நம் வட்டாரத்தில் செய்ததாக இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘காற்று சீசனில் பழுது என்று தகவல் வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் ஆளும் கருவியும் வந்து சேரக்கூடிய பட்டறைகளைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும், பராமரிப்பு டெக்னீசியன் வேலைக்கு நம் ஒன்றியத்து ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்குக் கம்பெனி செலவில் பயிற்சி தர வேண்டும்’ என்று எழுதுங்கள். நான்கு மணி நேரத்தில் முப்பந்தல் வந்து சேரக்கூடிய பட்டறை எது என்று உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

உண்மையில் உங்கள் பட்டறைக்கு ஆபத்து வரும் திசை வேறு என்பது என் எண்ணம். எண்பதுகளின் நடுவிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்ற காத்தாடிகள் சிறியவை. 55, 225, 250 கிலோவாட் என்று. பத்து 250 கிலோவாட் இயந்திரத்தின் இடத்தை ஒரே ஒரு 2.5 மெகாவாட் இயந்திரம் பிடித்துவிடும். பத்து ஏணி, பத்து கியர் பாக்ஸ் போய் ஒன்று. மாநில அரசு 2024 இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டபோது மின் உற்பத்தி கூடும் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். வேலைக்கு வேண்டிய கைகள் குறையும் என்பதைப் பேசியவர்கள் குறைவு. மேலும் பெரிய இயந்திரங்களின் பராமரிப்பு ஒப்பந்தத்தை அவற்றைத் தயாரித்த கம்பெனியே பல ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்கிறது. வாரன்டி போய்விடும் என்று வெளிப் பட்டறையைத் தொடவிடாது. உங்கள் தொழிலைச் சுருக்கப் போவது அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரி. தீர்மானத்துக்கு முன்னால் கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: எந்தெந்த வேலையை வெளியே கொடுக்கலாம் என்று உங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் சொல்கிறது? ஏணி, கைப்பிடி, கதவு, பிளாட்பாரம், கேபிள் தாங்கி, பெயின்ட் இவற்றையாவது அதிலிருந்து பிரித்து வாங்கப் பாருங்கள். ஆனி ஆடியில் ஒரு நாள் நின்றால் எத்தனை யூனிட் போகும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். பக்கத்தில் இருப்பதுதான் உங்கள் பலம். அதைச் சலுகையாகக் கேட்காமல் சேவையாக விற்க முடியும்.

புதிய காற்றாலைகளில் இறக்கை, டவர், கியர் பாக்ஸ், ஜெனரேட்டர், முக்கிய பேரிங்குகள் ஆகியவை மத்திய அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள ஆலைகளிலிருந்து வர வேண்டும் என்று 2025 ஜூலையில் உத்தரவு வந்திருக்கிறது. அது ஆலைகளின் விஷயம். பட்டறைகளைத் தொடாது.

இனி மகன் கதை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கே பணம் போகும். இதற்கு டி.சி.ஆர். பேனல்தான் வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது, புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் பலர் விழுவதும் அதில்தான். ‘மேட் இன் இந்தியா’ என்று ஒட்டியிருக்கும் பேனல் எல்லாம் டி.சி.ஆர். ஆகிவிடாது. வெளிநாட்டிலிருந்து செல்லை வாங்கி இங்கே கண்ணாடி, பிரேம் வைத்துப் பேனலாக அடைத்தால் அது அரசு அங்கீகரித்த பேனல் பட்டியலில் இருக்கலாம், மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துக் கணக்கில் கழிக்கும் நெட் மீட்டரும் கிடைக்கலாம். ஆனால் செல்லும் இந்தியாவில் செய்திருந்தால்தான் டி.சி.ஆர். மானியம் அதற்குத்தான். நமக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானில் டாடா பவர் ஆலையில் செல், பேனல் இரண்டும் செய்கிறார்கள். எந்தக் கம்பெனிப் பேனலானாலும் வரிசை எண்ணோடு டி.சி.ஆர். சான்று வாங்காமல் பணம் கட்ட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். மானியம் வராமல் போனால் வீட்டுக்காரர் வந்து நிற்பது அவன் கடை வாசலில்தான். 2026 ஜூன் 1 முதல் செல்லுக்கும் தனிப் பட்டியல் என்று அரசு அறிவித்திருப்பதால், இறக்குமதிச் செல் போட்ட பேனலை மலிவு என்று வாங்கிக் குவிப்பது இரட்டை ஆபத்து.

அந்தப் பழைய வழக்கால் இந்த மானியம் போய்விடுமா? உள்நாட்டுச் சாமானைக் கட்டாயமாக்கும் மானியம் உலக வர்த்தக விதியின் கண்ணில் பலவீனமானது என்றே ஒரு வழக்கறிஞனாக நான் நினைக்கிறேன். ஆனால் போகிற வேகத்தைப் பாருங்கள். 2013 இல் கொடுத்த புகாருக்கு இந்தியா தன் விதியை மாற்ற 2017 டிசம்பர் வரை அவகாசம் கிடைத்தது. இப்போது இன்னும் மெதுவு. 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பில் போதிய உறுப்பினர்கள் இல்லை. தோற்றவர் மேல்முறையீடு செய்தால் வழக்கு அப்படியே தொங்கும். அமெரிக்க மாநிலங்கள் மீது நாம் ஜெயித்த வழக்குக்கு நேர்ந்ததும் அதுதான். இது நாடுகளுக்கு இடையிலான வழக்கு. வடசேரியில் ஒரு வீட்டுக்குப் போட்ட மானியத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். மகனுக்கு அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் கவலை, திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரைதான் என்பது. அதனால் கடன் வாங்கிப் பேனல் அடுக்க வேண்டாம். திட்டத்தின் இணையதளத்தில் விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்டு, விண்ணப்பம் ஒப்புதலான வீட்டுக்கு மட்டும் அந்தந்த அளவில் பேனல் எடுக்கட்டும். சூர்யமித்ரா என்ற அரசின் சோலார் பயிற்சியும் முடித்துவிட்டால் நல்லது. காற்றாலைப் பக்கம் போக ஆசை இருந்தால் வாயுமித்ரா பயிற்சி இருக்கிறது; பெரிய கம்பெனிகள் உயரத்தில் வேலை செய்வதற்கான ஜி.டபிள்யூ.ஓ. சான்றும் கேட்கும், அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது வர்த்தக விதி இல்லை. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடற்கரை ஊர்களில் மாடி சோலார் கெடுவது பேனலால் அல்ல, அதைத் தாங்கும் ஸ்டாண்டால். உப்புக்காற்று தின்றுவிடும். கால்வனைஸ் செய்த பைப்பை வாங்கி மாடியில் வைத்து வெல்டிங் அடிக்கிறார்கள். பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்து, அங்கிருந்துதான் துரு கிளம்புகிறது. உங்கள் பட்டறையில் வீட்டின் அளவெடுத்து, வெட்டி, துளையிட்டு, வெல்டிங் முடித்து, அதன் பிறகு கால்வனைஸ் செய்யக் கொடுங்கள். மாடியில் நட்டு போல்ட் முடுக்கும் வேலை மட்டும் இருக்கட்டும். நம் ஊர்க் காற்றுக்கு ஸ்டாண்டின் காலைத் தளத்தில் எப்படிப் பிடிக்க வைப்பது என்று மகனுக்குச் சொல்லித்தர உங்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. முதல் ஸ்டாண்டை உங்கள் வீட்டு மாடியிலேயே போட்டு, ஒரு ஆடிக்காற்று கடக்கும்வரை பார்த்துவிட்டு வெளி ஆர்டர் எடுக்கச் சொல்லுங்கள்.