இந்த முறை வேறு நிறப் பென்சில்

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் ஏழு பேர் உள்ள டீமுக்கு மேனேஜராக இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். பன்னிரண்டு வருடம் முன்பு டீம் லீட் ஆனபோது, சாஃப்ட்வேர் வேலையை நிர்வகிப்பது பற்றிய புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தேன். வீடு மாறும்போது அந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. “படிச்சதையே எதுக்குப் படிக்கறீங்க? எல்லாம் பழசு” என்கிறாள் மனைவி. எங்கள் ரிலீஸ் ஏற்கெனவே இரண்டு மாதம் தாமதம். மேலிடம் இன்னும் நாலு பேரைத் தருகிறது. இந்த நேரத்தில் அவற்றைப் புரட்டுவதில் பயன் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: படியுங்கள். பெட்டி முழுவதையும் அல்ல, இன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு அத்தியாயம். ஃபிரெட் புரூக்ஸ், ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் வேலையை நடத்திய அனுபவத்தை வைத்து 1975-இல் எழுதிய ‘தி மித்திக்கல் மேன்-மன்த்’ அந்தப் பெட்டியில் நிச்சயம் இருக்கும். புத்தகத்தின் தலைப்பே பெயரான அத்தியாயத்தை எடுங்கள். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னது உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணக்கு மறந்திருக்கும். ஏழு பேர் ஒருவரோடொருவர் பேச 21 ஜோடி. பதினொரு பேரானால் 55. புதிதாக வரும் நாலு பேருக்கும் யார் சொல்லிக்கொடுப்பார்? உங்கள் டீமில் வேலை நன்றாகத் தெரிந்த மூத்தவர்கள் இரண்டு பேர்தானே?

இதைப் படித்துவிட்டும் நான் தவறினேன். எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்தபோது, தாமதமான ஒரு வேலைக்கு நானே கேட்டு ஐந்து பேரை வாங்கினேன். டீமில் மூத்தவரான ஒரு பெண், பகல் முழுக்கப் புது ஆட்களுக்கு விளக்கிவிட்டு, ஆறு மணிக்கு மேல்தான் தன் கோடிங்கைத் திறப்பார். மூன்றாம் மாதம் ராஜினாமா கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் அதே புத்தகத்தை எடுத்தேன். நான் அடிக்கோடிட்டிருந்ததெல்லாம் என் பழைய மேனேஜரின் தவறுகள். எனக்கென்று ஒரு வரியில்கூடப் பென்சில் படவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்த முறை வேறு நிறப் பென்சிலோடு உட்காருங்கள்.

உங்கள் ரிலீஸ் அட்டவணையும் பக்கத்தில் இருக்கட்டும். மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒரு பங்கு கோடிங்குக்கு, மீதிப் பாதியும் டெஸ்டிங்குக்கு என்று பிரிக்கிறார் புரூக்ஸ். நீங்கள் டெஸ்டிங்குக்கு எத்தனை நாள் விட்டிருக்கிறீர்கள்?

மனைவி சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தக் காலத்து மெஷின் விவரங்களைத் தாண்டிப் போகலாம். ‘முதலில் செய்வதைத் தூக்கிப்போடத் திட்டமிடு’ என்ற தன் அறிவுரையே தவறு என்று புரூக்ஸ் 1995 பதிப்பில் எழுதினார். எழுதியவரே இருபது வருடம் கழித்துத் திரும்பிப் படித்துத் திருத்திய அந்தப் பக்கங்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. டீமில் உள்ள மனிதர்களைப் பற்றி டிமார்க்கோவும் லிஸ்டரும் எழுதிய ‘பீப்பிள்வேர்’ இருந்தால், அதை ரிலீஸ் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நாலு பேரை வேண்டாமென்று சொல்ல முடியாவிட்டால், அவர்களை அடுத்த ரிலீஸுக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். இந்த ரிலீஸில் எதைக் குறைக்கலாம் என்ற பட்டியலோடு போங்கள். வெறுங்கையோடு போனால் பேச்சு எடுபடாது. அதற்கு முன் மூத்தவர்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் காபிக்கு அழைத்துப்போய், தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள்.